மாமாவோட பால் சைக்கிளும் உடைஞ்ச ஏழு போக்ஸ் கம்பியும்

மார்கழில ஆரம்பிச்சு பங்குனி முடியறதுக்குள்ள எங்க மாமா சைக்கிள்ல ஏழு போக்ஸ் கம்பி உடைஞ்சு போச்சு. ஏழும் பின் வீல்லதான், முன் வீல்ல ஒண்ணுகூட இல்ல. மாமாவுக்கு ஊரு திருநெல்வேலி பக்கம் முன்னீர்பள்ளம். சொந்த மாட்டுப் பாலு, அக்கம்பக்கத்துல கறக்குற பாலு எல்லாத்தையும் சேத்து ரெண்டு கேன்ல ஊத்தி, காலைல நாலரை மணிக்கே வெள்ளன கெளம்பி மேலப்பாளையம் வழியா பாளையங்கோட்டை வந்து வீடு வீடா ஊத்திட்டு ஒம்பது மணிக்கு ஊருக்குத் திரும்புவாவ. ஒரு கேனுக்கு இருபது லிட்டர், அப்ப நாப்பது லிட்டர், பால் தண்ணிய விட கொஞ்சம் கனம், அதனால பாலே நாப்பத்தியொரு கிலோ வந்துரும், கேனோட எடை தனி. தெருத்தெருவா சுத்துறதையும் சேத்தா ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் அந்த சைக்கிளு.

கம்பி உடையும்போதெல்லாம் வழியில இருக்க ஒரு கடையில குடுத்து ஒரு கம்பி மாட்டிக்கிடுவாவ. பத்து நாள் ஓடும், பொறவு அதுக்குப் பக்கத்துக் கம்பி உடையும். நாலாவது தடவ அந்தக் கடையில "கம்பி எல்லாம் ரொம்ப டைட்டா இருக்கு, அதான் தெறிக்கி"ன்னு சொல்லி நாப்பது கம்பியையும் லூசு பண்ணி விட்டுருக்காங்க. அதுக்கப்புறம் ஒரே மாசத்துல மூணு கம்பி. மாமா என்கிட்ட வந்து "மருமவனே, பேசாம இத வித்துட்டு ஒரு மொபெட் வாங்கிரவா, பெட்ரோல் போடுற காசுக்கு பால் கட்டுபடியாவுமா பாரு"ன்னு கேட்டாவ. கணக்கு போட்டுப் பாத்தா கட்டுபடியாவாது. அப்பத்தான் இத நாமளே பிரிச்சுப் பாத்துருவோம்னு எறங்கினேன். எனக்கு பஞ்சர் ஒட்டத் தெரியும், செயின் மாட்டத் தெரியும், வீல் கோர்க்கத் தெரியாது. தெரிஞ்சவங்க சுத்தி இருந்தாங்க, அதான் இது நடந்துச்சு.

ஞாயித்துக்கெழம காலைல நாங்க ஒரு பத்து பதினஞ்சு பேரு சைக்கிள்ல கெளம்புவோம். ஒரு வாரம் கிருஷ்ணாபுரம் கோயில் வரைக்கும், ஒரு வாரம் சேரன்மகாதேவி, தெம்பு இருந்தா அப்படியே அம்பை வரைக்கும். திரும்பி வந்து பாளையில வ.உ.சி. மைதானம் பக்கம் ஒரு டீக்கடைல ஒக்காந்துருவோம். ரிட்டயர்டு தபால்கார அண்ணாச்சி ஒருத்தர் வருவாவ, முப்பது வருசம் சைக்கிள்லயே தபால் குடுத்தவங்க. ஒரு டீச்சர் வருவாங்க, மேலப்பாளையத்துல சைக்கிள் கடை வச்சிருக்க பாய் வருவாரு, கியர் சைக்கிள் வச்சிருக்க காலேஜ் பசங்க நாலஞ்சு பேரு. யாரு என்ன சந்தேகம் கேட்டாலும் அங்ஙனயே சைக்கிள சாச்சுப் போட்டு ஆளாளுக்குப் பாப்பாங்க. அன்னைக்கு நான் மாமா சைக்கிள் கதைய சொன்னேன்.

பசங்க உடனே "கனமான கம்பி போடுங்கண்ணே, பதிமூணாம் கேஜு"ன்னாங்க. இன்னொருத்தர் லோட கொறைக்கச் சொன்னாரு. அண்ணாச்சி மட்டும் ஒண்ணும் சொல்லாம ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. "கம்பி எந்த எடத்துல உடைஞ்சுதுடே? நடுவுலயா, ரிம்மு பக்கம் மரையிலயா, வீல் நடுவுல இருக்க ஹப்பு பக்கம் வளைவுலயா?"

எனக்குத் தெரியல. சாயங்காலம் முன்னீர்பள்ளம் போய்க் கேட்டா, மாமா பால் கணக்கு நோட்டு வைக்கிற தகர டப்பாவுலயே உடைஞ்ச கம்பியெல்லாம் போட்டு வச்சிருந்தாவ. அஞ்சு கம்பி கெடச்சுது. அஞ்சும் ஒண்ணுபோல ஹப்புல மாட்டுற தலைக்கு கீழ, அந்த வளைவுல உடைஞ்சிருந்துச்சு. உடைஞ்ச முகத்த வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன், பாதி கருத்துப் போய் மங்கலா இருக்கு, மீதி பாதி பளபளன்னு புதுசா இருக்கு. அடுத்த வாரம் அண்ணாச்சிகிட்ட காட்டினேன். "கருத்த பாதி என்னைக்கோ விரிசல் விட்டுருச்சு, மழையும் அழுக்கும் உள்ள போயிருக்கு. பளபளப்பு கடைசி நாளு உடைஞ்சது. இது பாரம் தாங்காம ஒரேயடியா அறுந்த கம்பி இல்ல, ஆடி ஆடி தேஞ்சு விட்ட கம்பி"ன்னாவ. நடுவுல உடைஞ்சா கல்லு குச்சி ஏதாவது அடிச்சிருக்கும், மரையில உடைஞ்சா ரிம்முல கம்பியப் பிடிச்சு இறுக்குற நிப்பிள் கோணலா இழுக்குது, வளைவுல உடைஞ்சா பெரும்பாலும் கம்பி லூசு. இந்த மூணையும் மனசுல வச்சுக்கோங்க, இதுலயே பாதி வேல முடிஞ்சுரும்.

லூசா இருந்தா ஏன் உடையணும்னு எனக்கு அப்ப புரியல, இறுக்குனாத்தான உடையும்னு நெனச்சிருந்தேன். பாய் ஒரு கட்டுக்கம்பிய எடுத்துக் குடுத்து "இழுத்து அறுங்க தம்பி"ன்னாரு, முடியல. "முன்னும் பின்னும் மடக்குங்க"ன்னாரு, பத்து மடக்குல கையோட வந்துருச்சு.

வீல்ல நடக்குறதும் அதே தான். நாம சீட்டுல ஒக்காந்ததும் தரையில படுற எடத்துல ரிம்மு ஒரு மயிரிழை அமுங்கும், அந்த எடத்துல இருக்க ரெண்டு மூணு கம்பியோட இழுவை கொறையும், வீல் உருண்டதும் திரும்ப ஏறும். கம்பி நல்லா இறுக்கமா இருந்தா கொறைஞ்ச பொறவும் கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும், வளைவு ஹப்பு ஓட்டைல அசையாம ஒக்காந்துருக்கும். கம்பி லூசா இருந்தா அடியில வரும்போது சுத்தமா தொங்கிரும், வளைவு ஓட்டைக்குள்ள அசையும், மேல போனதும் வெடுக்குன்னு இழுக்கும். 28க்கு ஒண்ணரை இஞ்சு டயரு ஒரு சுத்துக்கு ரெண்டே கால் மீட்டர் போல போவும், அப்ப ஒரு கிலோமீட்டருக்கு 450 சுத்து, மாமா ஓட்டுற இருபது கிலோமீட்டருக்கு ஒம்பதாயிரம் சுத்து, ஒரு மாசத்துக்கு 2,70,000 தடவ ஒவ்வொரு கம்பியும் மடங்கி நிமிருது. இரும்பு எத்தன நாள் தாங்கும்? ஒண்ணு உடைஞ்சா அதோட பங்கு பக்கத்துக் கம்பிக்குப் போவுது, அதுவும் அதே லட்சக்கணக்குல ஆடின கம்பிதான், அதான் ஒண்ணு மாத்தினா பக்கத்துல அடுத்தது. ஒத்தக் கம்பியா மாத்திகிட்டே இருந்தா இது முடியவே முடியாது.

அன்னைக்கே மாமா வீட்டுத் திண்ணைல சைக்கிள தலைகீழா நிப்பாட்டி ஒவ்வொரு கம்பியா நகத்தால சுண்டிப் பாத்தேன். ஒவ்வொரு கம்பியும் எதிர்க்கம்பி நால கடக்குற இந்த நாலு குறுக்குக் கோர்வைல கம்பிங்க ஒண்ண ஒண்ணு தொடும், அதனால தொடுற எடத்துக்கு வெளிய, ரிம்மு பக்கமா சுண்டணும். செயின் பக்கம் இருபதுல பதினொண்ணுதான் டிங்னு பேசிச்சு, மிச்சம் தொப்புன்னு அடங்குது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சுரம் குடுக்கும், வீல்ல அதுக்கு நேர்மாறா ஒரு பக்கத்துக் கம்பி இருபதும் ஒரே சுரத்துல பேசணும். நம்ம வீல்ல இருபது கம்பிக்கு இருபது சத்தம்.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. செயின் பக்கம் மூணு கம்பிக்கு தலையே இல்ல. தலைய வெட்டிட்டு கம்பிய கொக்கி மாதிரி மடக்கி ஹப்பு ஓட்டைல தொங்க விட்டுருக்காங்க. ஏன்னா பிரீவீலு, அதான் செயின் ஓடுற பின் பல்சக்கரம், அந்தப் பக்கத்து ஓட்டைய மறைக்கும், பிரீவீல கழட்டாம முறையான கம்பி உள்ள போவாது. கழட்ட நேரம் ஆவும், அதனால இப்படி ஒரு குறுக்கு வழி. அவசரத்துக்கு வீடு வந்து சேர கொக்கி போட்டா தப்பில்ல, ஆனா அதையே வேலன்னு செஞ்சு காசு வாங்கக் கூடாது, பாரம் தூக்குற வண்டில அந்தக் கொக்கி நிமிந்து கழண்டா ஆள் விழுவாங்க. எனக்கு அதப் பாத்து உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

கேஜு சங்கதிய முடிச்சுருதேன். கம்பில நம்பர் கூடக் கூட மெலிசு, 14னா 2 மில்லிமீட்டர், 13னா 2.3. நம்ம ஹப்பு ஓட்டை 14க்கு அளவா இருக்கு, அதுல 13 நொழைக்கணும்னா ஓட்டைய பெருசாக்கணும். தவிர தடிச்ச கம்பி கொறச்சலாத்தான் நீளும், நீட்டம் கம்மியா இருந்தா ரிம்மு அமுங்கும்போது சீக்கிரமே லூசாவும். அதனால அதே 14, நாப்பதும் புதுசு, ஒரே செட்டு. அளவுக்கு நல்ல பழைய கம்பி ஒண்ணக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க, வளைவோட உள்பக்கத்துல இருந்து மரை நுனி வரைக்கும் அளக்கணும். கண்மதிப்புல வாங்காதீங்க.

பிரீவீல் கழட்டுறதுதான் பெரிய பாடு. நாம மிதிக்க மிதிக்க அது இறுகுற திசையில தான் மரை இருக்கு, வருசக்கணக்கா மாமா நாப்பது கிலோ பாலோட மிதிச்சு இறுக்கி வச்சிருக்காவ. மொத நாளு ராத்திரி மரைல எண்ணெய் விட்டு வச்சேன். காலைல உளிய வச்சு சுத்தியலால தட்டப் போனேன், நல்லவேள பாய்க்கு போன் பண்ணிக் கேட்டேன், "உளி வைக்காதீங்க, பல்லு நொறுங்கிரும், அதுக்குன்னு கழட்டி இருக்கு, வீல தூக்கிட்டு இங்க வாங்க"ன்னாரு. அவரு கடைல பட்டறை வைஸ்ல அந்தக் கழட்டிய மேல பாத்து பிடிச்சு வச்சு, வீல அது மேல படுக்க வச்சு பிரீவீல் காடில பொருத்தி, அச்சு நட்ட லேசா மாட்டி வச்சாரு. நட்டு இல்லேன்னா கழட்டி வழுக்கி காடிய வழிச்சுரும். "இப்ப பஸ்ஸு ஸ்டியரிங் மாதிரி வீல இடது பக்கமா திருப்புங்க"ன்னாரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு மூச்சு தம் கட்டுனோம், டப்புன்னு விட்டுருச்சு. விட்ட உடனே அந்த அச்சு நட்ட தளத்திறணும், மறந்து திருப்பிகிட்டே போனா நட்டு மரை போயிரும். ஒத்தக் காசு வாங்கல மனுசன். ஒரு டீ மட்டும் குடிச்சாரு.

ஹப்ப பிரிச்சது வீட்டுல. பின் ஹப்புல கால் இஞ்சு பேரிங் குண்டு, பக்கத்துக்கு ஒம்பது. மண்ணெண்ணைல கழுவி துணில போட்டு உருட்டிப் பாத்தா நாலு குண்டுல புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. நாலு மட்டும் மாத்தலாம்னு நெனைக்காதீங்க, பழையதும் புதுசும் அளவு ஒத்து வராது, பதினெட்டையும் மாத்துங்க, ரொம்ப செலவில்ல. அச்ச அத்தையோட முகம் பாக்குற கண்ணாடி மேல உருட்டினேன், தடக் தடக்குன்னு எந்திரிச்சு எந்திரிச்சு விழுது, வளைஞ்சிருக்கு. புது அச்சு போட்டாச்சு. அச்சு வளைஞ்சதுக்கும் கம்பி உடைஞ்சதுக்கும் நேரா சம்பந்தம் இல்ல, ஆனா பிரிச்ச எடத்துல பாக்காம விடக் கூடாதுல்லா. குண்ட அமுக்கிப் பிடிக்கிற கோன இறுக்குறப்போ கையால அச்சப் பிடிச்சுச் சுத்தினா வெண்ணெய் மாதிரி போவணும், அதே சமயம் பக்கவாட்டுல ஆட்டினா ஆடக் கூடாது, அந்த எடத்துல லாக் நட்ட போடணும். எனக்கு அது அமைய ஏழெட்டு தடவ ஆச்சு.

இடையில அந்த ஞாயித்துக்கெழமைல நடந்த ரெண்டு மூணு பேச்சையும் சொல்லிருதேன், நெறைய பேருக்கு உதவும். டீச்சர் புது பெடல் வாங்கி வச்சிருந்தாங்க, இடது பக்கம் மட்டும் கழட்டவே வரலன்னு பைப்பு போட்டு முக்கிட்டு வந்திருந்தாங்க. இடது பெடல் மரை நேர் எதிரு, மத்ததெல்லாம் கழட்டுற மாதிரி இடது பக்கம் திருப்புனா இறுகத்தான் செய்யும், வலது பக்கம் திருப்பணும். அண்ணாச்சி திருப்பினாவ, வந்துருச்சு. முட்டி வலிக்குன்னும் சொன்னாங்க, சீட்டு ரொம்ப இறக்கமா இருந்துச்சு. குதிங்கால பெடல்ல வச்சு பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நிக்கணும், அந்த உயரத்துக்கு ஏத்தினோம். பொறவு முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கி அளவா இருக்கும்.

ஒரு பையன் கூந்தங்குளம் பறவை பாக்கப் போய்ட்டு வந்து ஒரே நாள்ல மூணு பஞ்சராம், மூணும் ஒரே எடம். நம்ம பக்கம் உடைமுள்ளும் நெருஞ்சியும் எல்லா ரோட்டு ஓரத்துலயும் கெடக்கும், டியூப ஒட்டிட்டு டயருக்குள்ள நிக்குற முள்ள எடுக்காம விட்டா திரும்பத் திரும்பக் குத்தும். விரல விட்டுத் தடவுனா விரல்லதான் ஏறும். ஒரு கொத்து பஞ்ச எடுத்து டயருக்கு உள்பக்கம் ஒரு சுத்து தேய்ச்சுட்டு வந்தா, முள்ளு நுனி எங்க இருக்கோ அங்க பஞ்சு மாட்டிக்கிடும். அத வெளிப்பக்கம் இருந்து குறடு வச்சுப் பிடுங்கணும். முள்ளே இல்லாம காத்து எறங்குதுன்னா வால்டியூப் பாருங்க, வால்வு வாய்ல எச்சி தொட்டு வச்சா குமிழி வரும். அந்த ரப்பர் கெட்டுப் போனதுக்கு டியூபயே மாத்துனவங்கள எனக்குத் தெரியும்.

இப்ப வீலு. மொதல்ல பழைய வீல நாலு பக்கம் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் தான் கம்பிய கழட்டினேன். ரிம்ம கழுவி நிப்பிள் ஓட்டை நாப்பதுலயும் விரிசல் இருக்கான்னு பாத்தேன், இல்ல, அதனால அதே ரிம்மு. ஹப்புல பக்கத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு இருபது ஓட்டை. செயின் பக்கத் தட்டுல ஒண்ணு விட்டு ஒரு ஓட்டைன்னு பத்து கம்பி, அந்தப் பத்தும் ரிம்முல நாலு நாலு ஓட்டை தள்ளி போவணும். மொதக் கம்பி வால்வு ஓட்டைக்கு அடுத்த ஓட்டைல. பொறவு மறுபக்கம் அதே மாதிரி பத்து. இந்த இருபது முடிஞ்சதும் ஹப்ப கையால திருகினா கம்பியெல்லாம் சாஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் எதிர்ப்பக்கமா சாயுற மிச்ச இருபது. அது ஒவ்வொண்ணும் எதிர்க்கம்பி நால கடக்கணும், மொத மூணுக்கு மேல போய் நாலாவதுக்கு அடியில நொழையணும். பாரம் தூக்குற வண்டிக்கு இந்த நாலு குறுக்கு நல்லது, கம்பி ஹப்ப கிட்டத்தட்ட ஓரமா தொட்டுட்டுப் போறதால மிதிக்கிற வேகம் நேரா ரிம்முக்குப் போவும்.

நான் மொத தடவ கோத்து முடிச்சுப் பாத்தா வால்வு ஓட்டைக்கு மேல ரெண்டு கம்பி சேந்து நிக்குது, பம்பு வாய் நொழையாது. ஒரே ஒரு ஓட்டை தள்ளி ஆரம்பிச்சிருக்கேன். அவ்வளவு தான். நாப்பதையும் திரும்பக் கழட்டிக் கோத்தேன், ராத்திரி பதினொரு மணி ஆயிருச்சு, அத்தை பக்கத்துல ஒக்காந்து நிப்பிள் ஒண்ணொண்ணா எண்ணெய்ல முக்கி எடுத்துக் குடுத்துகிட்டு இருந்தாவ. மரைலயும் நிப்பிள் ஒக்கார எடத்துலயும் எண்ணெய் இருந்தாத்தான் முறுக்கு கம்பியத் திருகாம இழுக்கும், வறட்டு நிப்பிள முறுக்குனா கம்பி தான் முறுக்கிக்கிடும்.

முறுக்குற திசைல எல்லாரும் ஒரு தடவயாவது கொழம்புவாங்க. டயர் இருக்க பக்கத்துல இருந்து திருப்புளி வச்சுத் திருப்புனா வலது பக்கம் இறுகும். அதே நிப்பிள ஹப்பு பக்கத்துல இருந்து பாத்துச் சாவி போட்டா எதிரா தெரியும். எப்பவும் டயர் பக்கம் நின்னு பாக்குற மாதிரியே மனசுல வச்சுகிட்டா தப்பு வராது. மொதல்ல எல்லா நிப்பிளும் மரை மறையுற வரைக்கும், பொறவு வால்வுல ஆரம்பிச்சு ஆளுக்கு அரை சுத்து, திரும்ப வால்வுல இருந்து அரை சுத்து. ஒரே எடத்துல நின்னு இறுக்கக் கூடாது. கம்பி கொஞ்சம் நின்னதும் ஹப்பு வளைவுகிட்ட கட்டைவிரலால அமுக்கி, வெளிப்பக்கமா வர கம்பியெல்லாம் தட்டோட ஒட்டிப் படிய வைக்கணும். உடையுற எடம் அந்த வளைவு தான, அது ஓட்டைல சும்மா தொங்காம படிஞ்சு ஒக்காரணும். இத எங்க சேக்காளிங்க யாருமே செஞ்சு பாத்ததில்ல, அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும்.

கோட்டம் எடுக்குறதுக்கு ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். சைக்கிள தலைகீழா வச்சு பிரேம்ல ஒரு ஈக்குமாத்துக் குச்சியக் கட்டி ரிம்முக்கு கிட்ட கொண்டு வந்தா போதும். வீலச் சுத்தினா எங்க குச்சி ஒரசுதோ அங்க சாக்பீஸ்ல கோடு. மொதல்ல மேல கீழ கோட்டம், பொறவு பக்கவாட்டு. மாமா சைக்கிள்ல கம்பி பிரேக்கு, அதாவது கட்டை ரிம்மு பக்கவாட்டுல பிடிக்காது, ரிம்மோட உள்வட்டத்துல, கம்பி இருக்க பக்கத்துல மேல எழும்பிப் பிடிக்கும். அதனால இந்த மாதிரி பழைய சைக்கிளுக்கு மேல கீழ கோட்டம் தான் முக்கியம், அது இருந்தா பிரேக் பிடிக்கிறப்போ தட் தட்டுன்னு விட்டு விட்டுப் பிடிக்கும். ரிம்மு வலது பக்கம் தள்ளி இருந்தா அங்க இடது கம்பிய கால் சுத்து இறுக்கு, வலது கம்பிய கால் சுத்து விடு. கால் சுத்துக்கு மேல போகாதீங்க, பைய போங்க. நடு சரியா இருக்கான்னு பாக்க வீலக் கழட்டி இடவல மாத்தி மாட்டிப் பாருங்க, ரெண்டு தடவையும் குச்சிக்கும் ரிம்முக்கும் ஒரே இடைவெளி இருந்தா நடு சரி. பிரீவீல் இல்லாம இருக்கப்போ இத செய்யுறது லேசு. செயின் பக்கத் தட்டு நடுவுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கதால அந்தப் பக்கத்துக் கம்பி கொஞ்சம் கூடுதல் இறுக்கமா, சுரம் கொஞ்சம் மேல இருக்கும், அது சரிதான்.

அடுத்தது தான் இந்த மொத்த வேலைக்கும் உயிரு. ரெண்டு கைலயும் துணி சுத்திகிட்டு பக்கத்துக்கு ஒரு கையா, அந்தந்தப் பக்கத்துல ஒரே திசைல சாஞ்ச ரெண்டு ரெண்டு கம்பியா சேத்துப் பிடிச்சு நல்ல பலமா நெருக்கணும். புது வீல்ல டிங் டிங்னு சத்தம் வரும், முறுக்கிகிட்டிருந்த கம்பி நிமிருது, வளைவு ஒக்கார வேண்டிய எடத்துல ஒக்காருது. வீல் முழுக்க நெருக்கிட்டுப் பாத்தா கோட்டம் கொஞ்சம் திரும்ப வந்துருக்கும், எடுத்துட்டு மறுபடி நெருக்கணும், இப்படி நாலு தடவ செஞ்சேன், நாலாவது தடவ நெருக்கினப்போ சத்தமும் இல்ல, கோட்டமும் மாறல. நெருக்கினதும் வீல் ரெண்டு பக்கமும் அலை அலையா வளைஞ்சா இறுக்கம் மிதமிஞ்சிருச்சுன்னு அர்த்தம், அரை சுத்து எல்லாத்தையும் விட்டுரணும்.

நிப்பிளுக்கு மேல துருத்துன கம்பி நுனிய அரத்தால ராவி, பழைய டியூப நீளமா வெட்டி ரிம்ம சுத்திப் போட்டு, பிரீவீல் மரைல கிரீஸ் தடவி கையாலயே சுத்தி ஏத்தினேன். அது மொத மரைல கோணலா ஏறுனா ஹப்பே போயிரும், அதனால சாவி தொடவே கூடாது.

மாட்டி முடிச்ச அன்னைக்கு மாமா கேன் தொங்க விடுறதப் பக்கத்துல நின்னு பாத்தேன். கேரியர் வால் பக்கமா, அச்சுக்குப் பின்னால ஒரு சாண் தள்ளி தொங்குது, அதுவும் உயரமா. பால் தளும்பும்போது வீல பக்கவாட்டுல இழுக்கும். கொக்கிய முன்னால தள்ளி, கேன் அச்சுக்கு நேர் மேல, குதிங்கால் இடிக்காத அளவுக்கு, எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி மாட்டினோம். ஒரு பக்கம் முழுசா காலி பண்ணிட்டு அடுத்த கேன தொறக்குற பழக்கம் மாமாவுக்கு, அதையும் மாத்தச் சொன்னேன், ஒரு தெருவுல ஒரு கேன்னா அடுத்த தெருவுல அடுத்த கேன்னு மாத்தி மாத்தி ஊத்துதாவ இப்ப.

புதுக் கம்பி ஒக்கார நாள் ஆவும், அதனால ஒரு வாரம் கழிச்சு திரும்ப சுண்டிப் பாத்தேன், ஆறு கம்பி சுரம் எறங்கியிருந்துச்சு, கால் சுத்து ஏத்தினேன். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. இது எந்தப் புது சைக்கிளுக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பதினொண்ணாம் வகுப்புல அரசாங்க சைக்கிள் கெடச்சுது, அதையும் கையோட சுண்டிப் பாத்து இறுக்கிக் குடுத்தேன். புதுசு தானன்னு விட்டுருவாங்க, மொத மாசத்துல தான் பாக்கணும்.

இப்ப ஆடி. செங்கோட்டை கணவாய்ல இருந்து மேகாத்து விடாம அடிக்குது. காலைல மாமா பாலோட பாளைக்கு வரும்போது காத்து முதுகுல தள்ளும், திரும்பும்போது நெஞ்சுல அடிக்கும். ஞாயித்துக்கெழமை நாங்களும் ஆனி ஆடில மேக்க பாத்துத் தான் கெளம்புவோம், தெம்பு இருக்கும்போதே எதிர்காத்துல போயிட்டா வரும்போது சும்மா ஒக்காந்துட்டு வந்துரலாம். மூணரை மாசம் ஆச்சு, ஒரு கம்பி உடையல. நேத்து முன்னீர்பள்ளம் போயிருந்தப்போ வாசல்ல நின்ன சைக்கிள கடந்து போறப்ப மாமாவே குனிஞ்சு ரெண்டு கம்பிய நகத்தால சுண்டிப் பாத்துட்டு, "மருமவனே, முன் வீல் சத்தம் இது மாதிரி இல்லியே"ன்னாவ. சுண்டிப் பாத்தேன், சரிதான், முப்பத்திரெண்டுல பாதி தொப்புன்னு கெடக்கு. முன் ஹப்புக்கு 3/16 குண்டு பக்கத்துக்கு பத்து, வாங்கி வச்சாச்சு, வர ஞாயித்துக்கெழம சாயங்காலம் பிரிக்கோம்.